சாற்றில் கலந்த மாத்திரை: டாக்டரிடம் இனி எப்படிப் பேசுவது?

பாலக்கோடு வட்டத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர். போன ஆடியில் தொடர்ந்து இரவு ஷிப்ட் பார்த்த நாட்களில் தூக்கம் போனது. பகலில் சோர்வும் இல்லை. சூப்பர்வைசர் தன் போனுக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுவதாகக் கேட்கத் தொடங்கியது. போனை உடைத்தார், சாப்பிட மறுத்தார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மனச்சிதைவு நோய் என்று சொல்லி இரவில் 15 மி.கி. ஓலான்சபின் கொடுத்தார்கள். கார்த்திகைக்குள் குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் எடை 62 கிலோவிலிருந்து 79 ஆனது. காலை 10 மணிக்கு முன் எழ முடியாமல் வேலையும் போனது. தை மாதம் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாவது வாரம் தலையணை உறைக்குள் இருந்த மாத்திரைகளை அம்மா பார்த்துவிட்டார். சண்டை நடந்தது. பிறகு அம்மா மாத்திரையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். காரணம் பங்குனியில்தான் தெரிந்தது: பொடித்துக் கொள்ளுச் சாற்றில் கலந்து களிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று முதல் இவர் வீட்டில் சாறு தொடுவதில்லை, களியும் மோரும்தான். ஐந்து மாதமாக டாக்டரிடம் அம்மா மட்டும் போய் மாத்திரை வாங்கி வருகிறார். போன தடவை "மாசம் ஒரு ஊசி போட்டுடலாம்" என்று டாக்டர் சொன்னாராம்.

"என் உடம்பு, என் மூளை. ஒருத்தராவது என்னைக் கேட்டார்களா?" என்பது அவருடைய முதல் கேள்வி. மற்றவை: மாத்திரை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா? 2017 சட்டப்படி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் மருந்து தர முடியாதாமே? அம்மா மீது புகார் கொடுக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

சட்டத்துக்கு வருவதற்கு முன் உங்கள் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். "பத்து நாளாக ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வருகிறது, ஆனால் பகலில் சோர்வே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். போன ஆடியிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. நோய் திரும்புகிறது என்று இதை வைத்து மட்டும் சொல்ல மாட்டேன். ஓலான்சபின் திடீரென்று உடம்பை விட்டுப் போனாலும் தூக்கம் கெடும். இரண்டில் எது என்பதை நேரில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஆகவே இந்த வாரமே, நீங்களே, டாக்டரைப் பாருங்கள். அதற்குள் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழில், எந்நேரமும், கட்டணமின்றிப் பேசலாம். இடையில் போனிலிருந்து மறுபடி குரல் கேட்டால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உடம்புக்குள் போனது எத்தனை மில்லிகிராம்?

சீட்டில் 15. அம்மாவின் கணக்கிலும் 15. உங்கள் கணக்கில் தையிலிருந்து பூஜ்யம். உண்மை இந்த மூன்றிலும் இல்லை. தட்டில் மிச்சம் வைத்த சாற்றோடு எவ்வளவு மருந்து போனது, வெளியே சாப்பிட்ட நாட்களில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அம்மா சட்டியிலேயே கலந்திருந்தால் வீட்டில் மற்றவர்களும் குடித்திருப்பார்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை கூடும். இதை அம்மாவிடம் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். ஐந்து மாதமாக உங்களை அவர் பார்க்கவில்லை. மகன் ஒத்துழைப்பதில்லை என்று அம்மா சொல்வது மட்டும் காதில் விழுகிறது. ஊசி என்று அவர் சொன்னது அந்தத் தகவலுக்கு ஏற்ற பதில்தான். நீங்கள் ஒளித்ததும் அம்மா கலந்ததும் நோக்கத்தில் வேறு வேறு. ஆனால் இரண்டுமே டாக்டரின் கையில் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டன. அந்த எண்ணை வைத்துக்கொண்டு யார் முடிவெடுத்தாலும், நீங்களே எடுத்தாலும், அது கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த முடிவு.

உங்களுடைய ஒரு கணக்கும் இதில் மாறுகிறது. "தை முதல் பங்குனி வரை மாத்திரை இல்லாமலே நன்றாக இருந்தேன், ஆகவே எனக்குத் தேவையில்லை" என்கிறீர்கள். மாத்திரை இல்லாமல் நீங்கள் இருந்தது முதல் ஐந்து வாரம் மட்டுமே. அதற்குப் பிறகு அரைகுறையாகவாவது சாற்றில் போய்க்கொண்டிருந்தது. உண்மையிலேயே நின்றது பங்குனிக்குப் பின்தான். தூக்கம் கெட்டிருப்பது இப்போதுதான்.

அந்த ஐந்து வாரத் தெளிவு

அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஓலான்சபினின் மந்தம், பசி, காலைத் தூக்கம் எல்லாம் நிறுத்திய சில நாட்களிலேயே விலகும். நோயிலிருந்து அது தந்த பாதுகாப்பு மெதுவாகத்தான் கரையும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் வாரத்தில் நடப்பதில்லை, மாதங்கள் கழித்தே நடக்கிறது. நன்மை முதலில் தெரிகிறது, விலை பிறகு வருகிறது. பலரும் ஏமாறும் இடம் இது. படிப்பும் புத்தியும் இதில் உதவுவதில்லை.

எண்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் முடிவெடுக்கப்போவது நீங்கள். 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான ஓர் அலசலில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 100-க்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்குத் திரும்பியது. அதாவது நிறுத்தியும் 36 பேர் அந்த ஆண்டு தப்பித்தார்கள். நீங்கள் அந்த 36-இல் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை.

டோஸைக் குறைப்பது பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று இழுக்கின்றன. நெதர்லாந்தில் முதல் தடவை நோய் வந்து ஆறு மாதம் நன்றாக இருந்தவர்களுக்கு டோஸைக் குறைத்துப் பார்த்தார்கள். முதல் 18 மாதங்களில் குறைத்தவர்களுக்கு நோய் திரும்பியது 43 சதவீதம், தொடர்ந்தவர்களுக்கு 21. ஏழு வருடம் கழித்து 2013-இல் வெளியான முடிவிலோ, வேலையும் வாழ்க்கையும் சேர்த்து முழுமையாகத் தேறியவர்கள் குறைத்த குழுவில் 40 சதவீதம், மற்றதில் 18. இது நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. நோய் பல தடவை வந்தவர்கள் 253 பேரை வைத்து இங்கிலாந்தில் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நன்மை தெரியவில்லை. இரண்டு வருட முடிவில் கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13. "ஆயுசுக்கும் சாப்பிடணும்" என்று ஒரேயடியாகச் சொல்பவரையும், "மாத்திரைதான் நோயே" என்று யூடியூபில் சொல்பவரையும் நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

உங்கள் முன்னால் உள்ள வழிகள்

முதலாவது, முழுதாக நிறுத்துவது. குரல்கள் நின்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் தடவைக்குப் பிறகு குறைந்தது ஒன்று முதல் இரண்டு வருடம் தொடரச் சொல்வதுதான் பரவலான நடைமுறை. தூக்கமும் கெட்டிருக்கும் இந்த நேரத்தில் இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் டாக்டரும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

இரண்டாவது, அதே மருந்து, குறைந்த அளவு. உங்களுக்கு இது பொருந்தும் என்பது என் கணிப்பு, ஆனால் தூக்கம் சரியாகி நிலை திரும்பிய பிறகு. 15-இலிருந்து 12.5, அதில் மூன்று மாதம் பார்த்து 10, மறுபடி மூன்று மாதம். இவ்வளவு மெதுவாக ஏன் என்றால், மூளையில் இந்த மருந்து செய்யும் வேலை அளவோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. 15-ஐ 10 ஆக்கும்போது சிறிய மாற்றம்தான் நடக்கும். 5-ஐ பூஜ்யம் ஆக்கும்போது மிச்சமிருக்கும் வேலை முழுதும் ஒரேயடியாகப் போகும். அதனால் கீழே போகப்போகப் படிகள் சிறிதாக வேண்டும். பாதி மாத்திரை, கால் மாத்திரை என்று நீங்களாக நறுக்கத் தொடங்கிவிடாதீர்கள். படி எது, எப்போது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

காலையில் எழ முடியாததற்கு அளவைத் தொடாமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஓலான்சபின் விழுங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். இரவு 11-க்கு விழுங்கினால் உச்சம் விடியற்காலை 5 மணிக்கு. 7.30-க்கே விழுங்கினால் அது நள்ளிரவு தாண்டியதும் வந்து போகும். டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

பீடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பீடிப் புகை, ஓலான்சபினை ஈரல் வேகமாக அழிக்கும்படி செய்யும். ஆஸ்பத்திரியில் பீடி இல்லாத மூன்று வாரத்தில் சரியாக இருந்த அளவு வீட்டில் போதாமல் போகலாம். பீடியைச் சட்டென்று விட்டால் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்து மந்தப்படுத்தும். விடுவது நல்லதுதான், ஆனால் விடும் தேதியை டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடுங்கள். நிகோடின் இதைச் செய்வதில்லை, புகைதான் செய்கிறது. கஞ்சா இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எடைக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை உதவும். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்தக் காரணத்துக்காகத் தருகிறார்கள். சராசரியாக மூன்று கிலோ அளவுக்குக் குறையும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனை தேவை, சாப்பிட்ட பிறகு விழுங்கினால் வயிறு அதிகம் படுத்தாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு நான்கையும் இப்போதே பாருங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. சமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கு வரும் பணியாளரிடம் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். களி சாப்பிட்டால் எடை ஏறாது என்று நம் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஓலான்சபின் கிளப்பும் பசியில் இரண்டு உருண்டை மூன்றாகும்போது அது கணக்கில் வரும்.

மூன்றாவது, மருந்தை மாற்றுவது. அரிப்பிபிரசோல் எடையை அவ்வளவாக ஏற்றாது, தூக்கக் கலக்கமும் குறைவு. ஆனால் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பைத் தரும். ரிஸ்பெரிடோன் எடை விஷயத்தில் நடுவில் நிற்கும். கை கால் விறைப்பும், ஆண்களுக்கு உறவில் நாட்டக் குறைவும் வரலாம். மாற்றும்போது புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைச் சில வாரங்களில் இறக்குவார்கள். ஒரே நாளில் மாற்றினால் தூக்கம்தான் முதலில் கெடும்.

நான்காவது, ஊசி. இதைத் தண்டனை என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் வாயை மூட அதையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. மாதத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் வீட்டில் அந்தப் பேச்சே இருக்காது. அளவும் நிச்சயமாகத் தெரியும். மறுபக்கத்தையும் பாருங்கள்: உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பக்கவிளைவு வந்தால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஃப்ளூஃபெனசின் போன்ற பழைய ஊசிகளில் விறைப்பும் நடுக்கமும் அதிகம், பாலிபெரிடோன் போன்ற புதியவற்றில் அது குறைவு, ஆனால் விலை அதிகம். எந்த ஊசியானாலும் அதே மருந்தையோ அதன் நெருங்கிய உறவையோ முதலில் மாத்திரையாகச் சாப்பிட்டு உடம்பு ஏற்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டம் தருவதும் தராததும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. மனநோய் இருக்கிறது என்பதாலேயே முடிவெடுக்கும் திறன் போய்விட்டதாக அது எண்ணுவதில்லை. சொன்னதைப் புரிந்துகொள்வது, விளைவை உணர்வது, முடிவைத் தெரிவிப்பது ஆகியவற்றை வைத்துத்தான் திறன் பார்க்கப்படும். உங்கள் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பது மட்டும் திறன் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் இன்று உங்களுக்கு அந்தத் திறன் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆகவே கேள்விக்குப் பதில்: ஆம், வேண்டாம் என்று சொல்லலாம். அந்தந்த மருந்தின் நன்மை தீமையைக் கேட்டறியவும், உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெறவும் உரிமை உண்டு.

ஆனால் திறன் என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் சான்றிதழ் இல்லை, நோயின் நிலையோடு அது மாறும். போன ஆடியில் சாப்பாட்டையும் மறுத்தீர்களே, அப்படியொரு நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாமை இருந்தால், 89-ஆம் பிரிவின்படி உங்கள் பிரதிநிதியின், அதாவது உங்கள் சார்பில் பேசுபவரின், விண்ணப்பத்தில் 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியும். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட தாளின் பெயர் முன்கூட்டிய அறிவுறுத்தல். எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று திறன் இருக்கும்போதே எழுதிவைப்பது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிய வேண்டும். அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. குடும்பமோ டாக்டரோ வாரியத்தில் முறையிட்டு அதை மாற்றவும் கேட்கலாம். எனவே "எந்த மருந்தும் வேண்டாம்" என்ற ஒற்றை வரி உங்களைக் காப்பாற்றாது. "ஓலான்சபின் 10-க்கு மேல் வேண்டாம், இன்ன மருந்து ஒத்துக்கொண்டது, இன்ன ஊசிக்குச் சம்மதம், சேர்க்க வேண்டுமானால் முதலில் இன்னாருக்குச் சொல்லுங்கள்" என்று எழுதினால் அது வேலை செய்யும். பிரதிநிதியையும் நீங்களே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நியமிக்காவிட்டால் உறவினருக்கு அந்த இடம் போகும், அதாவது பெரும்பாலும் அம்மாவுக்கு. உங்கள் கடிதத்தில் ஓசூர் அக்காவைப் பற்றி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எழுத உதவி வேண்டுமானால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

அம்மா

திறன் உள்ள ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது தவறு. இதை அம்மாவிடமும் இதே சொற்களில் சொல்வேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயிலேயே வருவது. அந்தப் பயத்தை வீட்டிலேயே உண்மையாக்கிவிட்டால் அடுத்த தடவை அதை நோய் என்று உங்களால் எப்படிப் பிரித்தறிய முடியும்? புகார் கொடுக்கலாமா என்றால், கொடுப்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்பது என் கருத்து. போன ஆடியில் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர், அந்தப் பயத்தில் செய்தார். அவரோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: அவர் இனி எதிலும் கலக்க மாட்டார், நீங்கள் இனி எதையும் ஒளிக்க மாட்டீர்கள். போடாத நாளை நாட்காட்டியில் நீங்களே குறித்துவைப்பீர்கள், அதற்கு அவர் சத்தம் போடக் கூடாது. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை கால பைரவரிடம் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். பூசணி விளக்குக்கும் மாத்திரைக்கும் சண்டை ஒன்றுமில்லை.

மாமா பார்த்திருக்கும் பெண் விஷயம் தனிக் கடிதத்துக்கு உரியது. இப்போதைக்கு ஒன்றே ஒன்று: நோயை மறைத்துக் கல்யாணம் வேண்டாம். பிறகு அதுவே வழக்காகும்.

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைக்கும் நாலு நிமிடம்

கூட்டத்தில் டாக்டர் உங்களைக் கேட்காமல் அம்மாவைக் கேட்பது நடக்கும். அதை மாற்ற, அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்ததும் கையில் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"தையில் ஐந்து வாரம் போடவில்லை. பிறகு பங்குனி வரை வீட்டில் தெரியாமல் கலந்தார்கள், அளவு தெரியாது. அதன்பின் எதுவும் இல்லை. பத்து நாளாக 2 மணிக்கு விழிப்பு. எடை 79. பீடி ஒரு கட்டு. எனக்கு முக்கியம்: காலை 6 மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். கேட்பது: அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா, ஊசியானால் எது? இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்."

"டோஸைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால் நோய் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "6 மணி ஷிப்ட்" என்று சொன்னால் இருவரும் ஒரே கணக்கைப் போடத் தொடங்குவீர்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், "எது சரியானால் குறைப்பீர்கள், எத்தனை மாதத்தில்?" என்று கேட்டு அந்தப் பதிலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேள்வியையே காதில் வாங்காவிட்டால் வேறு மனநல மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, அளவைக் குறைக்கத் தொடங்குமுன் முன்னறிகுறித் தாள் ஒன்றை டாக்டர், அம்மா, அக்கா மூவரும் பார்க்க எழுதிவையுங்கள். எது தெரிந்தால், எத்தனை நாள் தொடர்ந்தால், யாருக்குச் சொல்வது, எந்த அளவுக்குத் திரும்புவது என்று அதில் இருக்க வேண்டும். போனைத் துணியால் மூடுவது, சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது என்று நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியவற்றையும் சேருங்கள். முதல் வரி என்னவென்று உங்களுக்கே தெரியும்: இரவு 2 மணி விழிப்பு, சோர்வில்லாமல், மூன்று நாள் தொடர்ந்தால். அதற்கு இப்போதே பத்து நாள் ஆகிவிட்டது.